நாலடிக்கு மேலிருந்த யன்னல்கள்

கல்முனையில் நான் இறங்கியது பஸ் பழுதானதால். அக்கரைப்பற்றில் ஏறி மட்டக்களப்புக்குப் போய், அங்கிருந்து எங்காவது போகலாம் என்று இருந்தேன். எங்கே என்று தீர்மானிக்கவில்லை. அப்படிப் போவது எனக்குப் பழக்கம். பஸ் நடுவீதியில் புகைந்து நின்றதும் கண்டக்டர், "அடுத்த பஸ் வரும், நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வடை தின்னப் போய்விட்டார். வெயில் தாங்காமல் ஓர் இரும்புக் கடையின் முன்னால் ஒதுங்கினேன். மாடிப்படியோரம் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. வீட்டுப் பிளான் வரைய ஆள் தேவை என்று எழுதியிருந்தது. மேலே மின்விசிறி இருக்கும் என்று நினைத்துத்தான் ஏறினேன்.

நான் வினாயகபுரத்துக்காரன். அப்பா கடலுக்குப் போனவர். கடல் ஊருக்குள் வந்த வருடம் வீடு போனது, என் கொப்பிகளும் போயின. புதுக் கொப்பிகளைப் பையோடு யாரோ கொண்டுவந்து தந்தார்கள். படிப்பில் மனம் மட்டும் திரும்பி வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றேன். பிறகு கரைவலை இழுத்தேன், பொலன்னறுவையில் அரிசி ஆலையில் நின்றேன், கொழும்பில் ஒரு பேக்கரியில் மா பிசைந்தேன், கடைசியில் கட்டாருக்குப் போனேன்.

அங்கே முதலில் சாந்து சுமந்தேன். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு, தளத்து ஒபிசில் தேத்தண்ணி ஊற்றவும் பிளான்களை அச்செடுத்து மடிக்கவும் போட்டார்கள். மத்தியான வெயிலுக்கு வேலை நிற்கும் நேரத்தில் எல்லோரும் தூங்குவார்கள். நான் கொம்பியூட்டரின் முன்னால் உட்காருவேன். யாரும் கற்றுத் தரவில்லை. யாரும் எழும்பு என்று சொல்லவும் இல்லை. இங்கிலீசு எனக்கு அரைகுறை. எழுத்தை விட்டுவிட்டு, பொத்தான்களில் இருக்கும் சின்னப் படங்களைப் பிடித்துக்கொண்டு பழகினேன்.

அந்த சொப்ட்வெயாரில் கோடு கீறுவதில்லை. சுவரை வைக்கிறோம், கதவை வைக்கிறோம், கூரையைப் போடுகிறோம். முழுக் கட்டடமும் உள்ளே ஒன்றாக நிற்கிறது. அதை மேலிருந்து பார்ப்பது ஒரு வியூ. பக்கத்திலிருந்து பார்ப்பது இன்னொரு வியூ. காகம் மாதிரிச் சாய்வாகப் பார்ப்பது மற்றொன்று. ஒன்றில் யன்னலை நகர்த்தினால் எல்லாவற்றிலும் நகரும். கேட்க இலகுதான். ஆனால் ஒவ்வொரு வியூவுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. ஒன்றில் நிற்கிற தூண் அடுத்ததில் இருக்காது. கட்டாரில் ஒருநாள் ஒரு மாடியின் குழாய்கள் முழுவதும் ஒரு வியூவில் காணாமல் போய்விட்டன. யாரோ அழித்துவிட்டான் என்று இரண்டு எஞ்சினியர்மார் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். குழாய்கள் அங்கேயேதான் இருந்தன. அந்த வியூவில் அவற்றைக் காட்டாதே என்று ஒரு சின்னப் பொத்தான் அமுக்கப்பட்டிருந்தது. எனக்கு அது தெரிந்தும், கேட்காதவர்களிடம் சொல்லாமல் தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்தேன்.

நான் படியேறிப் போன அந்தக் கல்முனை ஒபிசை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர். எல்லோரும் அவரைச் சேர் என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"சேட்டிபிக்கட் இருக்கா?"

"இல்ல சேர்."

"பிறகு?"

"கீறிக் காட்டட்டா?"

ஒரு லெப்டொப்பை என் பக்கம் தள்ளினார். அதிலும் அதே சொப்ட்வெயார். நாங்கள் இருந்த அறையையே வைத்தேன். சுவர், மேசை, மேலே மின்விசிறி.

அவர் எட்டிப் பார்த்தார். "காத்தாடி சுத்தல்லையே?"

"உண்மையிலயும் சுத்தல்லத்தானே சேர்." கரண்ட் போயிருந்தது.

சிரித்தார். மறுநாள் வரச் சொன்னார். போனேன்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு தாயும் மகளும் படியேறி வந்தார்கள். தாய்க்கு இழுப்பு வருத்தம். ஏறி முடித்ததும் கதிரையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றா. பிறகுதான் கதைத்தா. புருசன் மௌத்தாகிப் பல வருடம். அபாயா தைத்து மகளை வளர்த்தவ. அதற்கு முதல் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. இப்போது மகளுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது. வீடு கட்ட வேண்டும்.

இந்தப் பக்கத்தில் மகள் கலியாணம் முடித்தால் வீடு அவளுக்கு. தாய் வீட்டைக் கட்டி மகள் பேரில் எழுதுவா, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். எங்கள் ஊரிலும் அதேதான். வீட்டைக் கொடுத்த தாய் பிறகு எங்கே படுப்பா என்று பிளான் போடும்போது ஒருவரும் கேட்பதில்லை. குசினிக்குப் பக்கத்தில் சாமான் அறை ஒன்று இருக்கும். அதில்தான்.

இந்த மகள் கேட்டாள், என்னை அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிட்டு. "முதல்ல உம்மாட அறைய வைங்க காக்கா. மிச்சத்தப் பிறகு கீறுங்க."

"என்ன புள்ள கதைக்கிறாய்? மாப்பிள்ள ஊட்டார் வந்தா ஹோலத்தான் பார்ப்பாங்க."

"அவங்க ஹோலப் பார்க்கட்டும். நீங்க எங்க படுக்கிற எண்டு நான் பார்க்கிறன்."

தாய் என் பக்கம் திரும்பினா. "பெரிசா ஒண்டும் வேணாம் தம்பி. குவைத்தில எனக்குப் படுக்கத் தந்தது சாமான் வைக்கிற அறை. யன்னல் இல்ல. வெளியில வெயிலா மழையா எண்டு தெரியா. அதுக்குள்ள கிடந்துதான் இந்த நெஞ்சு இப்பிடி ஆன. இப்ப, படுத்துக்கிட்டுப் பார்த்தா வானம் தெரியணும். காத்து வரணும். ஆக்கள் தெரியத் தேவையில்ல."

கட்டாரில் எங்கள் முகாம் அறையின் யன்னலுக்கு வெயில் வராமல் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தார்கள். பகலா இரவா என்று போனைப் பார்த்துத்தான் அறிந்துகொள்வோம். அதை நான் அவவிடம் சொல்லவில்லை. அக்கா முறை வைத்து, "வைப்பம் ராத்தா" என்று மட்டும் சொன்னேன்.

வளவு ஒடுக்கமானது. முன்னால் ஒழுங்கை, இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டிக்கொண்டு நின்றன. தாயின் அறைக்கு மிஞ்சியது பின் மூலை மட்டும். அங்கே மதிலுக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டாரின் கிணற்றடி. பெண்கள் குளிக்கிற இடம். அப்படியான பக்கத்தில் இந்த ஊரில் யாரும் சாதாரண யன்னல் வைப்பதில்லை. ஆளுயரத்துக்கு மேலே, கட்டையாக, அகலமாக ஒன்று வைப்பார்கள். காற்றும் வெளிச்சமும் வரும், கண் போகாது. இரண்டு யன்னல்கள் வைத்தேன். கீழ்விளிம்பு ஆறரை அடியில், மேல்விளிம்பு எட்டடியில். படுத்திருக்கிற ஒருவரின் கண் இருக்கும் இடத்தில் கமராவை வைத்து மொடலைப் பார்த்தேன். வானம் தெரிந்தது. சந்தோசமாக இருந்தது.

அயலார் பக்கம் பார்க்கிற சுவரில் எதை வைப்பதென்றாலும் அவரிடம் பிளானைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது இங்கே நடப்பு. சட்டம் என்ன சொல்கிறது என்பது வேறு விசயம். கையெழுத்து இல்லாமல் கட்டிவிட்டுப் பக்கத்தில் குடியிருக்க முடியாது. அயலவர் லொறி ஓட்டி ஓய்ந்த ஒரு ஹாஜியார். கறாரான ஆள் என்று பெயர். தாய் தானே பிளானைக் கொண்டுபோனா. மறுநாள் வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"மனிசன் ஒண்டும் செல்லல்ல தம்பி. கண்ணாடியப் போட்டுப் பார்த்தார். நல்ல பிளான் எண்டு கையெழுத்து வச்சிட்டார்."

"யன்னலப் பத்திக் கேக்கல்லையா?"

"கேக்கல்ல. நானும் வாயத் திறக்கல்ல. படத்தில இருக்குத்தானே."

நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்திவாரம் வெட்டினார்கள். முன்பக்கச் சுவர்கள் எழும்பத் தொடங்கின.

மகள் தன் போனில் வைத்துக்கொள்ள மொடலின் படம் கேட்டாள். வீட்டை நாலு பக்கத்திலிருந்தும் சாய்வாகக் காட்டும் படங்களை அனுப்பினேன். அவள் சந்தோசத்தில் எல்லோருக்கும் அனுப்பினாள். படம் ஊரைச் சுற்றி, கடைசியில் ஹாஜியாரின் வீட்டுப் போனுக்கும் போய்ச் சேர்ந்தது.

அவர் படியேறி வந்த சத்தத்திலேயே ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கியது. கையில் தான் கையெழுத்து வைத்த பிளானின் பிரதி. மற்றக் கையில் போன். இரண்டையும் என் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்தார்.

"இது என்ன?"

"பிளான். மேல இருந்து பார்க்கிறது."

"இது?"

"அதே ஊடுதான். பின்பக்கமாப் பார்க்கிறது."

"அதே ஊடா? இதில வெறும் சுவர். இதில ரெண்டு யன்னல். ஒரு ஊட்டுக்கு ரெண்டு முகமா தம்பி?"

நான் பிளானைப் பார்த்தேன். தாயின் அறைப் பின்சுவர் நீளத்துக்கும் கறுப்பாக ஓடியது. யன்னல் இல்லை.

"நான் எத்தின செக்பொயின்ட்டில எத்தின பேப்பர் காட்டினவன் தெரியுமா?" என்றார் ஹாஜியார். "பேப்பரில ஒண்டு, லொறியில ஒண்டு எண்டா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். யன்னல ஒளிச்சிட்டு என்ட கையெழுத்த எடுத்திருக்கிறீங்க. அந்தப் பொம்பிள, பக்கத்து ஊடு எண்டும் பார்க்காம என்ன ஏமாத்திட்டா."

"அவ ஏமாத்தல்ல ஹாஜியார். அவவுக்கும் தெரியா."

"அப்ப நீ ஏமாத்தின."

"எனக்கும் தெரியா."

"ஆருக்கும் தெரியாம யன்னல் தானா மறையுமா? என்ட கையெழுத்து செல்லாது. யன்னல் வச்சா மதில பத்தடிக்கு உசத்துவன். பிறகு அந்த யன்னலால மதிலத்தான் பார்க்கலாம்."

போய்விட்டார். சேர் தன் கதிரையிலிருந்து எழும்பி வந்து என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தார். காகப் பார்வையில் யன்னல்கள் இருந்தன. பிளானைத் திறந்தால் இல்லை. யன்னலை அழித்து மறுபடி வைத்தேன். இல்லை. வேறு வகை யன்னல் வைத்தேன். இல்லை. முன் அறையில் ஒரு சாதாரண யன்னலை வைத்தேன். உடனே வந்தது. அப்போதுதான் உறைத்தது.

பிளான் என்பது மேலிருந்து பார்ப்பதல்ல. வெட்டிப் பார்ப்பது. தரையிலிருந்து நாலடி உயரத்தில் வீட்டைக் கிடையாக வெட்டி, மேல்பாதியைத் தூக்கி வைத்துவிட்டு, மிச்சத்தைக் குனிந்து பார்க்கிறது சொப்ட்வெயார். இடுப்புயர யன்னல் அந்த வெட்டில் அகப்படும். எங்கள் யன்னல்கள் வெட்டுக்கு இரண்டரை அடி மேலே இருந்தன. தூக்கி வைத்த பாதியோடு அவையும் போய்விட்டன. நாலடியைத் தீர்மானித்தவர்களின் ஊரில் யன்னலால் வெளியே பார்ப்பது ஒரு பிரச்சினையாக இருந்திருக்காது. கட்டாரில் நான் பார்த்த கட்டடங்களோ தரையிலிருந்து மேல்தட்டு வரை கண்ணாடி. இப்படியொரு சிக்கல் அங்கே வர வழியே இல்லை.

சேர் தலையைச் சொறிந்தார். "கையால கீறின காலத்தில உசர யன்னலுக்குப் புள்ளிக்கோடு போடுவம். இது தானாப் போடும் எண்டு நினைச்சிட்டன்." பிளானை அவரும் பார்த்துத்தான் அனுப்பியிருந்தார். எங்கள் இருவரின் மனதிலும் யன்னல் இருந்ததால், தாளில் அது இல்லாதது கண்ணில் படவில்லை.

பின்னேரம் தாயும் மகளும் வந்தார்கள். ஹாஜியார் ஒழுங்கையில் நின்று தாயின் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டிருந்தார். அவ கதிரையில் இருந்து மூச்சு வாங்கினா. சேர் சமாதானம் சொல்லப் பார்த்தார். "கூரையில ரெண்டு கண்ணாடி ஓடு போடுவம். வெளிச்சம் வரும்."

"காத்து?" என்றா தாய்.

சேர் மறுபடி பிளானைப் புரட்டினார்.

அவவே சொன்னா. "பரவால்ல தம்பி. யன்னல எடுத்திடுங்க. நாளைக்கு மகள் குடியிருக்கிற இடம். பக்கத்து ஊட்டோட பகைச்சுக்கிட்டு எனக்கென்னத்துக்குக் காத்து?"

"எடுக்க ஏலா," என்றாள் மகள்.

"வாயப் பொத்து."

"எடுத்தா எனக்கு இந்த ஊடும் வேணாம், கலியாணமும் வேணாம். வாடக ஊட்டிலயே ரெண்டு பேரும் இருப்பம்."

"கேட்டியளா இவள்ட கதைய?" என்று தாய் எங்களைப் பார்த்தா. கோபமாகச் சொல்லத்தான் முயன்றா. முடியாமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டா.

யன்னலை எடுப்பதென்றால் எனக்கு ஒரு தட்டல்தான். எடுக்கவில்லை. ஹாஜியாரிடம் நானே போகிறேன் என்றேன். சேர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போ. ஆனா போன உடனே கொம்பியூட்டரத் திறக்காத. தேத்தண்ணி தந்தா முழுசாக் குடி."

தேத்தண்ணி தந்தார்கள். முழுதாகக் குடித்தேன். ஹாஜியார் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். வினாயகபுரத்திலிருந்து மீன் ஏற்றியதாகச் சொன்னார். ஐஸ் போதாமல் கொழும்பு போய்ச் சேர முதல் நாறிப்போன ஒரு லோட்டின் கதையையும் சொன்னார். லொறியைப் பற்றிக் கதைக்கும்போது அவருக்கு முகம் மாறியது. நான் அதையே பிடித்தேன்.

"ஹாஜியார், லொறிக் கண்ணாடியில பின்னால வாறது தெரியும்தானே?"

"தெரியாம எப்பிடி ஓட்டுற?"

"கதவுக்குக் கீழ சைக்கிள்காரன் நிண்டா?"

"தெரியா. அதுக்குத்தான் கிளீனர். அவன் இறங்கி நிண்டு, வா வா எண்டுவான்."

"இந்தப் பிளானும் அந்தக் கண்ணாடி மாதிரித்தான். நாலடி வரைக்கும்தான் தெரியும். யன்னல் அதுக்கு மேல இருந்தது. ஒளிக்கல்ல ஹாஜியார். கண்ணாடிக்குத் தெரியல்ல. கிளீனரா நிண்டு பார்க்க வேண்டிய நானும் பார்க்கல்ல."

லெப்டொப்பைத் திறந்து அவர் கண்முன்னாலேயே வெட்டை நாலடியிலிருந்து ஏழடிக்கு உயர்த்தினேன். வெறும் கறுப்பாக ஓடிய சுவரில் இரண்டு யன்னல்களும் வந்து நின்றன. இறக்கினேன். போய்விட்டன. அவர் குனிந்து பார்த்தார். என் கையைத் தள்ளிவிட்டுத் தானே விரலால் தட்டிப் பார்த்தார். வந்தது, போனது, வந்தது.

"சரி," என்றார். "அவ ஏமாத்தல்ல. நீயும் ஏமாத்தல்ல. கோபத்தில கதைச்சிட்டன் எண்டு அவவிட்டச் செல்லு. ஆனா யன்னல் யன்னல்தான். என்ட ஊட்டுப் பொம்பிளையள் குளிக்கிற இடம்."

"அங்க நிண்டு பார்த்தா உங்கட பக்கம் ஒண்டும் தெரியா ஹாஜியார். இதிலயே காட்டுறன்."

"இதில நீ என்னத்தையும் காட்டுவாய். இப்பத்தானே யன்னல வரவும் போகவும் வச்சாய்?"

லெப்டொப்பை மூடினேன். நான் செய்து காட்டிய வித்தையே எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "அங்க குளிக்கிற நான். நீங்க என்னத்துக்கு எனக்காகக் கதைக்கிறீங்க? நான் போய் நிண்டு பார்க்கிறன், தெரியுதா தெரியல்லையா எண்டு."

"நீ என்னத்தப் பார்க்கப் போறாய்?"

"உங்கட லொறிக்குக் கிளீனர் இருந்தவன். ஊட்டுக்கு நான் இருக்கன்."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் வெறும் கோப்பையைப் பார்த்தேன்.

ஒரு பின்னேரம், அசர் தொழுகை முடிந்த பிறகு என்று ஏற்பாடு. பின் மூலையில் அத்திவாரம் மட்டும்தான் இருந்தது. யன்னல் வரப்போகும் சுவரின் இடத்தில் கம்புகள் நட்டு, தரையிலிருந்து ஆறரை அடி உயரத்துக்குத் தென்னோலைக் கிடுகு கட்டினோம். அதற்கு மேலே திறந்த வெளி. ஹாஜியார் தன் சொந்த டேப்போடு வந்தார்.

"உன்ட டேப்ப நான் நம்ப மாட்டன்," என்று சொல்லி அளந்தார். ஆறரைதான். நிலத்தைக் காலால் தட்டிப் பார்த்து, தரை இன்னும் உயருமா என்று கேட்டார். அத்திவாரத்தின் மேல்மட்டத்திலிருந்துதான் அளந்தேன் என்று காட்டினேன். தலையாட்டிவிட்டுத் தன் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டார்.

அவர் மனைவி கிடுகின் இந்தப் பக்கம் வந்து நின்றா. தாயும் அவவும் உறவில்லை, என்றாலும் மச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தச் சண்டைக்குப் பிறகு இருவரும் கதைத்திருக்கவில்லை.

"தெரியுதா?" என்று அந்தப் பக்கமிருந்து ஹாஜியார் கத்தினார்.

"சத்தம் கேக்குது. ஆளக் காணல்ல."

"இவ கட்டை. எல்லாரும் இவளப் போலயா? தம்பி, நீ உசரம். நீ பாரு."

நான் நுனிக்காலில் நின்று பார்த்தேன். தென்னோலைகள் தெரிந்தன. ஹாஜியார் முருங்கைக்காய் பறிக்கிற தடியில் தன் தொப்பியை மாட்டி உயர்த்தியிருந்தார்.

"தொப்பி தெரியுது ஹாஜியார்."

"தொப்பி தெரிஞ்சாப் பரவால்ல. அத எல்லாரும்தான் பார்க்கிறாங்க."

அவர் மனைவிக்கு இன்னும் ஒரு சந்தேகம். "கதிர போட்டு ஏறினா?"

தாய் அவவைத் திரும்பிப் பார்த்தா. "கதிர போட்டு ஏறிப் பார்க்கிற அளவுக்கு அழகா அந்தப் பக்கம் உங்கட மனிசன் நிக்கிற எண்டா நினைக்கிறீங்க மச்சி? இந்த நெஞ்சோட நான் கதிரையில ஏற மாட்டன். அவரக் கண்டா இறங்கவும் மாட்டன், விழுந்திடுவன்."

கிணற்றடியிலிருந்து, "எனக்குக் கேக்குது!" என்று சத்தம் வந்தது. இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தாய்க்குச் சிரிப்போடு இருமலும் வந்தது. மற்றவ அவவின் முதுகைத் தடவினா.

இருமல் அடங்கியதும் தாய் சொன்னா: "நான் நிக்கிறதுக்கு யன்னல் கேக்கல்ல மச்சி. படுக்கிறதுக்குத்தான் கேட்டன். படுத்துப் பாருங்க."

மகள் பாயைக் கொண்டுவந்து விரித்தாள். நான் அங்கே நிற்பது சரியில்லை என்று கிடுகைச் சுற்றி மதிலோரம் போய்விட்டேன். அந்தப் பக்கம் ஹாஜியார் தடியோடு நின்றுகொண்டிருந்தார். நடுவில் கிடுகும் மதிலும்தான். பெண்கள் கதைப்பது எங்கள் இருவருக்கும் நன்றாகக் கேட்டது.

"இதில என்ன மச்சி தெரியும்?"

"பாருங்களன்."

பாய் சரசரத்தது. பிறகு ஹாஜியாரின் மனைவி, "முகில் ஓடுது" என்றா. அதற்குப் பிறகு, "காத்தும் வருது மச்சி."

"கடல் பக்கமா வாற காத்து."

"குவைத்தில உங்களுக்கு யன்னல் இல்லையாமே. உங்கட மகள் செல்லித்தான் தெரியும்."

"இல்ல. லைட் நிப்பாட்டினா கபுறு போலக் கிடக்கும். மௌத்தானா அதுக்குள்ள போகத்தானே வேணும், அல்லாஹ்ட நாட்டம். உசிரோட இருக்கக்குள்ளயும் வேணாம் எண்டுதான் கேட்டன்."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஹாஜியாரின் தடி மெதுவாகக் கீழே இறங்கியது.

"இஞ்ச, கேட்டீங்களா?" என்று அவர் மனைவி படுத்தபடியே குரல் கொடுத்தா. "அந்தப் பேப்பரக் கொண்டுவரச் செல்லுங்க."

"முந்தின பேப்பர் செல்லாது," என்றார் ஹாஜியார். கறாரை விடவில்லை, ஆனால் குரல் தாழ்ந்திருந்தது. "யன்னல் இருக்கிற பேப்பரக் கொண்டு வா தம்பி. நான் எதுக்குக் கையெழுத்து வைக்கிற எண்டு என்ட கண்ணுக்குத் தெரியணும்."

ஒபிசுக்கு ஓடினேன். முழு வீட்டையும் ஏழடியில் வெட்டினால் முன்பக்கத்துச் சாதாரண யன்னல்கள் மறைந்துபோகும். அதனால் அந்த ஓர் அறையைச் சுற்றி எல்லை போட்டு, அதற்குள் மட்டும் வெட்டை உயர்த்தினேன். யன்னல்கள் வந்தன. பக்கவாட்டில் வெட்டிய படம் ஒன்றையும் சேர்த்து, கீழ்விளிம்பு எத்தனை அடி என்று தமிழில் எழுதினேன். தாளை அச்செடுத்து வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவிப் பார்த்தேன். இருந்தன. சேரிடம் கொடுத்தேன். அவரும் விரல் வைத்து, ஒன்று, இரண்டு என்றார்.

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். தாளின் அடியில், இரண்டு யன்னல்களையும் பார்த்தேன் என்று தன் கையாலேயே எழுதினார். கையெழுத்து வைக்கப் போனபோது அவர் மனைவி கதவடியிலிருந்து, "மதில உசத்துறல்ல எண்டும் எழுதுங்க" என்றா.

"அதெல்லாம் எழுதத் தேவையில்ல."

"எழுதுங்க."

எழுதினார்.

அன்றிலிருந்து உயர யன்னல் உள்ள எந்த வீட்டுக்கும் நான் அப்படித்தான் செய்கிறேன். இந்த ஊரில் அப்படி இல்லாத வீடு குறைவு. அதனால் ஒபிசில் புதிதாக ஒரு வீட்டைத் தொடங்கும்போதே, உயர யன்னல் வருகிற அறைகளுக்கு மட்டும் வெட்டு எங்கள் உயரத்தில் இருக்கும்படி அமைத்து வைத்துவிட்டேன். சுவர் கட்டுகிற மேசன் பாஸ்மார் இப்போது பிளானைப் பார்த்துவிட்டு, "கிணத்தடி யன்னல் வந்திருக்கு" என்கிறார்கள். மற்றப்படி சொப்ட்வெயார் தன் குணத்தை விடவில்லை. போன கிழமையும் ஒரு மாடிப்படியை விழுங்கியது. பதறவில்லை. எங்கே ஒளிந்திருக்கும் என்று தேடினேன், கிடைத்தது.

கலியாணம் முடிந்து, மழைக்காலம் தொடங்க இருந்த நேரத்தில் அந்த வீட்டுக்குப் போனேன். மேலே ஓர் அறை கட்ட முடியுமா என்று பார்க்க மருமகன் கூப்பிட்டிருந்தார். மகள் கதவைத் திறந்தாள். உம்மா எங்கே என்று கேட்டேன்.

"படுத்திருக்கா. இப்ப பகல்லயும் நித்திர கொள்றா. சத்தம் போடாதீங்க காக்கா."

நான் டேப்பை மெதுவாக இழுத்தேன். ஹோலை அளந்து முடித்து நடைக்கு வந்தபோது, பின் அறையிலிருந்து பெரிய சத்தம் எழும்பியது. சத்தம் போடக்கூடாது என்று சொன்ன மகளே திடுக்கிட்டாள்.

"மச்சி! வடக்கால கறுத்துக்கிட்டு வருது! காயப்போட்ட மிளகாய எடுங்க!"

யன்னலின் அந்தப் பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது. "எடுக்கன் மச்சி! நெல்லும் கிடக்கு, மனிசனயும் எழுப்பி உடணும்!"

மகள் சிரித்தாள். "இதுதான் நடக்குது காக்கா. அந்த ஊட்டில ஒருவரும் இப்ப வானத்தப் பார்க்கிறல்ல. எங்கட உம்மாவத்தான் கேக்கிறாங்க."

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. தாய் கட்டிலில் படுத்தபடி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தா. இழுப்புச் சத்தம் கேட்கவில்லை. வெளியே ஹாஜியார் எதையோ திட்டிக்கொண்டு பாயை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு முதல் மழைத்துளிகள் விழுந்தன. சாரல் உள்ளே வரும் என்று மகள் யன்னலைச் சாத்தப் போனாள்.

"கொஞ்சம் பொறு," என்றா தாய். "இப்ப சாத்தாத."